குலவைக்கு மலரும் மல்லி

சாயங்காலம் மொட்டு விரிந்துவிடும், விலையும் விழுந்துவிடும் என்று காத்திருந்தே வாங்கிப் பழகியவர் வியாபாரி சங்கிலிமுருகன். பல்கலைக்கழகம் கண்டுபிடித்துக் கொடுத்த புது மல்லி அவர் காலை வாரிவிட்டது. பூக்காரி ஆவுடையம்மா குலவையிட்டால்தான் அது விரியும்.

"என்ன ஆவுடை, இன்னும் கண்ணே திறக்கலையே?"

"காலைல வாங்கண்ணே, இதே விலைக்குத் திறக்கும்!"

சாயங்காலத்துக்குள் விற்றுத் தீர்க்கும் அவசரம் இனி இல்லாததால், கடை போட்ட நாளிலிருந்து ஒருமுறைகூடப் பார்க்கக் கொடுத்துவைக்காத மகளின் கபடி ஆட்டத்துக்கு ஆவுடையம்மா கூடையோடு ஓடினாள். கடைசி ரெய்டில் மகள் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தாள். ஜெயித்தாயிற்று! ஆவுடையம்மா தன்னை மறந்து குலவையிட்டாள்.

கூடை மொத்தமும் குப்பென்று மலர்ந்தது.

"இப்பப் பாதி விலைதான் ஆவுடை!" விடாமல் பின்னாலேயே வந்திருந்த சங்கிலிமுருகன் துள்ளினார்.

"இது விக்கிறதுக்கு இல்லண்ணே!" என்று கூடையை மகள் தலையில் கவிழ்த்தாள் ஆவுடையம்மா.