பழைய தண்ணீர்

நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திறந்துவிடுவார்கள். கீழே இருந்த குமாரவலசுக்கு அதுதான் ஆறு, அதுதான் குடிநீர். நகரத்தார் மனக்கலக்கத்துக்குத் தினமும் விழுங்கிய மாத்திரையின் மருந்து மட்டும் சிறுநீரோடு சேர்ந்து, எந்தத் தொட்டியிலும் பிரியாமல் கலந்து வந்தது. அதைக் குடித்தவர்களுக்கு அழுகையே வருவதில்லை. மகன் நிலவன் லாரியில் அடிபட்டுச் செத்த அன்று, துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் யாழினி காபி போட்டுக் கொடுத்தாள். மறுநாளே பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.

நாலு வருஷம் கழித்து நகரத்தில் புது வடிகட்டி வைத்தார்கள். தண்ணீர் பளிங்காக வந்தது. ஊரே மெச்சியது.

சில நாட்களில், துணி மடித்துக்கொண்டிருந்த யாழினி திடீரென்று "நிலவா!" என்று அலறி வாசலில் விழுந்தாள். தெருவில் இன்னும் பல வீடுகளிலிருந்து அலறல் கேட்டது. எல்லா வீட்டிலும் அழாத சாவு ஒன்று இருந்தது.

கணவன் கவினும் தேம்பிக்கொண்டுதான் ஓடி வந்தான். மாடியில் மூடிக் கிடந்த டிரம்மில், வடிகட்டி வருவதற்கு முன் பிடித்த பழைய தண்ணீர் இருந்தது. மேலே ஏறி ஒரு சொம்பு குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு மொண்டு வந்து அவளிடமும் நீட்டினான்.

"குடி கண்ணு, சரியாப் போயிரும்."

"எனக்கு வேண்டாங்க. எம் பையனுக்கு இப்பத்தான் அழுவறேன். நீங்களும் எங்கூட அழுவுங்க."

அவன் கேட்கவில்லை. தினமும் அதையே குடித்தான். வாரக் கடைசியில் அவன் முகம் தெளிந்திருந்தது. யாழினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பையனக் கடைசியாத் தூக்குனது நீங்கதானுங்களே, நெனப்பிருக்குதா?"

"இருக்குது. நல்ல கனம்," என்றான் கவின். "ராத்திரிக்குத் தோசை ஊத்தறியா?"