மாமனார் சொன்ன பெட்ரோல்

“ரெகுலரா, பிரீமியமா சார்?”

பங்க்கில் பெட்ரோல் போடுகிறவர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிக்கப் டிரக்கின் ஸ்டியரிங்கில் கை வைத்திருந்த அவன் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து சீட்டிலிருந்து மனைவி, “ரெகுலர். டேங்க் ஃபுல்லா போடுங்க” என்றாள்.

“ஒரு நிமிஷம் இருங்கண்ணே” என்று அவரைத் தடுத்துவிட்டு அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். “உங்கப்பா காலையில என்ன சொன்னார்?”

“அதைத்தான் வழி பூரா ஒப்பிச்சிட்டு வந்தியே. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

மாமனார் சொன்னது அப்படி. வீடு மாற்ற வண்டி வேண்டும் என்று காலையில் போய் நின்றபோது, அவர் வாசலில் வைத்துச் சாவியை நீட்டினார். நீட்டினாரே தவிர, விடவில்லை. சாவியின் ஒரு பக்கத்தை அவனும் மறுபக்கத்தை அவரும் பிடித்திருக்க, பிரசங்கம் தொடங்கியது. இது டர்போ இன்ஜின், பிரீமியம் தவிர வேறு ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது, ரெகுலர் போட்டால் மேட்டில் டக்டக்கென்று தட்டும், அப்புறம் இன்ஜினைப் பழைய இரும்புக் கடையில்தான் போட வேண்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். வீட்டை ஒட்டிய தன் நர்சரியில் செடிகளுக்கு உரம் வைத்துவிட்டு வந்த மாமியார், மண் கையோடு பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அவனுக்கு அந்தப் பிரசங்கமே தேனாக இனித்தது. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவர்கள். ரொம்ப நாள் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்து, இப்போதுதான் போக்குவரத்து தொடங்கியிருந்தது. மாமியார் மனசு மாறி நலம் விசாரிக்கிறார், சாப்பிட்டுப் போகச் சொல்கிறார். மாமனார்தான் அவன் தலையைக் கண்டாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிறவர். கேட்டால் ஒரு “ம்” வரும், கேட்காவிட்டால் அதுவும் வராது. பேச்சில்லாத காலத்தில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த வண்டி இது. எப்போது போனாலும் அவர் அதைத் துடைத்துக்கொண்டுதான் இருப்பார். அப்பேர்ப்பட்ட வண்டியை நம்பிக் கொடுத்திருக்கிறார். சொன்ன சொல் மாறாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால், மனிதர் இனியாவது முகம் கொடுத்துப் பேசுவார் என்று அவனுக்கு ஓர் ஆசை.

மனைவியோ வண்டிக்குள் கிடந்த கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இந்த இன்ஜினுக்கு ரெகுலரே போதும், பாரத்தோடு மேடு ஏறினால் மட்டும் பிரீமியம் நல்லது என்று அதில் போட்டிருந்தது. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம்தான் புது வீட்டில் இறக்கியாகிவிட்டதே, வெறும் வண்டிக்கு எதற்கு இந்த ராஜ உபசாரம் என்று கேட்டாள்.

“அவருக்குத் தெரிஞ்சிட்டா?” என்றான்.

“எப்படித் தெரியும்? டேங்க்ல நாக்கை விட்டா பார்ப்பார்?”

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். குழாயைப் பிடித்திருந்தவர் கை மாற்றிப் பிடித்து ஒரு கொட்டாவி விட்டார். வீடு மாற்றிய செலவில் அவன் பர்ஸும் இளைத்துப்போயிருந்தது. கடைசியில் அவன் தலையாட்டிவிட்டான். ரெகுலர் கடகடவென்று உள்ளே இறங்கியது.

திரும்பி வந்தபோது மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். மனைவி ஒன்றும் தெரியாதவள் போல அம்மாவைத் தேடி உள்ளே போய்விட்டாள். அவன் சாவியை நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு நேராக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“ஏறுங்க தம்பி. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.”

வண்டியைக் கிளப்பினார். ரேடியோவை அணைத்தார், கண்ணாடிகளை ஏற்றினார். தெருக்கோடியில் திரும்பி, பாலத்து மேட்டில் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தார். வண்டி ஏறத்தான் செய்தது. ஆனால் இன்ஜினுக்குள்ளிருந்து லேசாக டக்டக்கென்று ஒரு சத்தம் வந்தது.

மாமனார் காதைச் சாய்த்துக் கேட்டார். “ரெகுலர்தானே?”

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தான். நாக்கு ஒத்துழைக்கவில்லை. “ஆமா மாமா. தப்புதான். மன்னிச்சிடுங்க” என்றான். கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தையும் கெடுத்துக்கொண்டோமே என்று தன் மீதே எரிச்சலாக வந்தது. இனி இந்த ஜென்மத்தில் அவரிடமிருந்து அந்த “ம்”கூட வரப்போவதில்லை.

அவர் பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பி, வீட்டுப் பக்கமிருந்து யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்தார். பிறகு அவன் தோளில் கை போட்டுக் கிட்டே இழுத்தார்.

“எனக்குப் பழகின சத்தம் மாப்பிள்ளை. நானும் எப்பவும் அதைத்தான் போடுறேன்” என்றார் ரகசியமாக. “வீட்டுக்குள்ள போனதும் பிரீமியம்னே அடிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சா உங்க அத்தை அவ வண்டியை நம்ம ரெண்டு பேருக்குமே தரமாட்டா.”