கடல் வற்றும் நேரம்

இருதயநாதன் இரண்டு காகிதங்களை டாக்டர் பக்தவத்சலத்தின் மேசையில் அருகருகே விரித்தான்.

ஒன்று, ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவன் பிள்ளையின் உடம்புச் சூட்டை மணிக்கொரு தரம் நர்ஸ் குறித்த சார்ட். தீவின் அபர்டீன் பஜாரில் வாங்கிய பிஸ்கட் பெட்டிக்குள், பஞ்சுக்கும் வெந்நீர்ப் புட்டிகளுக்கும் நடுவில் கிடந்தது பிள்ளை.

மற்றது, கப்பல்துறை ஜெட்டியில் அவன் அரசாங்கத்துக்காகக் குறிக்கும் கடல்மட்டம்.

நான்கு நாளாக, நாளுக்கு ஒருமுறை பிள்ளை சில்லிட்டுப் போனது. பயந்துபோன டாக்டர், மதியம் கிளம்பும் மெயின்லேண்ட் கப்பலுக்குச் சீட்டு எழுதிவிட்டார். மூன்று நாள் கடலை அந்த மூன்று ராத்தல் உடம்பு தாங்காது என்று அவருக்கும் தெரியும்.

“பகல்ல கடல் வத்தும்போது பிள்ளைக்குச் சூடும் வத்துது சார். தினம் அம்பது நிமிஷம் தள்ளி. கடக்கரை ரத்தம்லா.”

“யோவ், நான் படிச்ச புஸ்தகத்துல நிலா கிடையாதுய்யா.” டாக்டர் சார்ட்டை மறுபடி பார்த்தார். “அச்சா, இன்னிக்கு எப்ப வத்தும்?”

“பதினொண்ணு இருபது.”

பிள்ளைக்குத் தெரியாமல்தான் பார்க்க வேண்டும் என்றான் இருதயநாதன். இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

பதினொன்றேகாலுக்கு, புட்டி மாற்றும் ஆயா பொன்னம்மா எழுந்தாள். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்திக்கொண்டாள். கட்டிலடியிலிருந்து ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பின்வாசலில் இறங்கினாள்.

புட்டிகள் ஆறத் தொடங்கின.

டாக்டர் கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

ஜன்னலுக்கு வெளியே, நீர் வற்றிய பாறைகளில் குனிந்து அவள் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான்கு நாளாகத்தான் பிள்ளையின் தாய் ரோசலினுக்குப் பால் ஊறுகிறது. நான்கு நாளாகத்தான் அவள் தலைமாட்டுக்கு ஒரு கிண்ணம் மட்டிச் சாறு வருகிறது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு இவ்வளவு ருசியா என்று வியந்து, மனைவி வைத்த மிச்சத்தை இருதயநாதனே குடித்தும் இருக்கிறான்.

“கூப்பிடாதீங்க சார்.”

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெந்நீர் எடுக்கப் போனான்.

டாக்டர் கப்பல் சீட்டை நாலாகக் கிழித்தார்.

பதினொன்று இருபதுக்கு ஜெட்டியில் அளவு குறிக்க ஆள் இல்லை. அன்றைக்குக் கடல் வற்றியது என்பதற்கு அரசாங்கத்திடம் இன்றுவரை ஆதாரம் கிடையாது.

சூடு இறங்காத பிள்ளையின் சார்ட்டிலும் இல்லை.