மூன்று வெள்ளிக் கால்கள்

சோறு போட்டு வெகு நேரமாகிவிட்டது. நாய் செவலை இன்னும் வாய் வைக்கவில்லை.

எலும்புச் சாறு ஊற்றிப் பிசைந்த சோறு. தட்டின் முன்னால் உட்கார்ந்து வாசற்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

சோறு போட்டவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பூனை வந்தது. முன்னங்கால் இரண்டும் நடந்தன. பின்னங்கால் இரண்டும் தரையில் இழுபட்டு வந்தன. நிலைப்படி தடுத்தது.

செவலை எழுந்து போனான். மூக்கை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து ஒரு முட்டு முட்டி, பூனையைப் படிக்கு இந்தப் பக்கம் தள்ளினான்.

அது தின்றது. தின்று முடித்து முகம் கழுவ ஆரம்பித்த பிறகு, இவன் மிச்சத்தை நக்கினான்.

அவளுக்கு வயிறு எரிந்தது.

பிசைந்தவள் ஒருத்தி, தின்கிறவள் ஒருத்தி.

குட்டியில் அவளுடைய பழைய சேலைத் துணியில் தூங்கியவன் அவன். போன வருஷம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது கால் முறிந்தபோது, வாக்கரை ஊன்றிய ஒவ்வொரு அடிக்கும் கூட நடந்தவன். அதுவும் இடது பக்கமாக மட்டும். விழுந்தால் தன்மேல் விழட்டும் என்பதுபோல் உடம்பை அவள் காலோடு ஒட்டிக்கொண்டு. அவள் கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே காவல் இருப்பான்.

புருஷன்கூட அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை.

கால் கூடியது. வாக்கர் பரணுக்குப் போனது. அதன் பிறகும் அவன் அவள் கட்டிலடியில்தான் படுத்தான்.

பிறகு மழைக்காலத்தில் ஒரு பைக், தெருவில் இந்தப் பூனையின் இடுப்பில் ஏறிப் போனது. அடிபட்டுக் கிடந்ததைச் சுற்றிச் சுற்றி நின்று செவலை குரைத்தான். அவள் புருஷன்தான் போய்த் தூக்கி வந்தார். கால்நடை மருத்துவர் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இனி பின்னங்கால் வராது என்றார்.

அன்றிலிருந்து கட்டிலடி காலி.

புருஷன் பூனையைச் சாமி, சாமி என்று செல்லமாகக் கூப்பிடுகிறார். அவள் அதற்குப் பெயரே வைக்கவில்லை. வைத்தால் தங்கிவிடும்.

அன்று அவர் கடைக்குப் போனதும், ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து வாக்கரை இறக்கினாள்.

ஊன்றினாள்.

டொக்.

வாசலில் படுத்திருந்தவனின் காது நிமிர்ந்தது.

டொக். டொக்.

ஓடி வந்தான். இடது பக்கம் வந்து ஒட்டினான். அதே சூடு. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவனோடு நடந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

வாசலில் பூனை கத்தியது. நிலைப்படியில் மாட்டியிருக்கும்.

செவலை அவள் முகத்தைப் பார்த்தான். காலை முகர்ந்தான். பிறகு போய்விட்டான்.

ஒப்புக்குச் சப்பாணியை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

வாக்கரைத் திரும்பப் பரணில் வைக்க அவளுக்கு மனமில்லை. சுவரோரம் நிறுத்தினாள். மத்தியானம் சாப்பிட வந்த புருஷன் அதைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, மறுக்கா வலிக்குதா?"

"ம்."

"கால் கூடுனா வெள்ளிக்கால் போடறேன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டயே, போட்டயா?"

மறந்தே போயிருந்தாள்.

"அதான். சாமி காரியத்தப் பாக்கி வெச்சா இப்பிடித்தான். நாளைக்கே போயிட்டு வந்துரு."

மறுநாள் கோயிலுக்குப் போனாள். வாசல் கடையில் மெல்லிய வெள்ளித் தகடுகள் தொங்கின. கண், கை, கால், தொட்டில், மாடு. நேர்ந்துகொண்டவர்கள் வாங்கி உண்டியலில் போடுவது.

கால் ஒன்றை எடுத்தாள். வைத்தாள்.

"ஏனுங்க, பூனைக்கால் இருக்குதுங்களா?"

கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பூனைக்கு இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்லீங்களே. மாடு வேணும்னா தரட்டுங்களா?"

"வேண்டாங்க. மனுசக்காலே மூணு குடுங்க."

மூன்றும் உள்ளங்கையில் எடையில்லாமல் கிடந்தன.

சன்னதியில் கூட்டமில்லை. முதல் தகட்டை உண்டியலில் போட்டாள். அது அவள் பாக்கி. அதற்கு ஒரு கும்பிடு போதும்.

மற்ற இரண்டையும் கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

தாயே, அதுக்குக் காலைக் குடு. மதில் ஏறட்டும். எலி பிடிக்கட்டும். ஊர் மேயப் போகட்டும். எனக்கு என் நாயைக் குடு.

தன் கால் முறிந்து கிடந்தபோதுகூட இவ்வளவு உருகிக் கும்பிட்டதில்லை என்று அவளுக்கே தோன்றியது. தகடுகள் உண்டியலுக்குள் சத்தமில்லாமல் விழுந்தன. பூசாரி கொடுத்த திருநீற்றில் பாதியைத் தாளில் மடித்துக்கொண்டாள், பூனையின் இடுப்பில் பூச.

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை வேகமாக, நன்றாகவே நடந்தாள்.

கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் செவலை படுத்திருந்தான். அவன் வயிற்றில் முகத்தைப் புதைத்துப் பூனை தூங்கியது. இவளைக் கண்டதும் வாலை ஆட்டினான்.

எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அது விழித்துக்கொள்ளும்.

ஆத்தா காலைக் கொடுக்க நாளாகும்.

அவள் கேட்டைத் திறந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து உள்ளே வந்தாள்.