உப்பு பார்க்க ஒரு வாய்

முன்னி பிரியாணித் தட்டைத் தம்பியின் முன்னால் வைத்தாள். சாஹில் அதைத் தொடவில்லை.

ரம்ஜான் பெருநாள். தொழுகை முடிந்து வந்தவர்கள் தெருவில் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

முன்னியால் நின்று சமைக்க முடியாது. கால் வீங்கிவிடும். அதனால் அவள் புருஷன் கௌஸ் பாஷா அடுப்பைத் தரையில் இறக்கி வைத்திருந்தார். முக்காலியில் உட்கார்ந்தபடியே வதக்கி, கிளறி, மூச்சு வாங்கி, மறுபடி கிளறி அவள் தம் போட்டு இறக்கிய பிரியாணி அது.

அதை அவள் சாப்பிடக் கூடாது. உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்தப் பெருநாளிலும் அண்டாவைத் திறந்ததும் முதல் வாய் சாஹிலுக்குத்தான். அவன் ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு.

“ஒரு வாய்டா. உப்பு பாத்து மட்டும் சொல்லு.”

சாஹில் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

நோன்பு மாதம் முழுக்க இப்படித்தான் இருந்தான். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், கொஞ்சம் கஞ்சி. அக்கா கொடுத்தனுப்பிய சமோசா வந்த பாத்திரத்திலேயே திரும்பிப் போனது. நோன்புக்கு முன்பிருந்தே டீயில் சர்க்கரை கிடையாது. ராத்திரி சோறு கிடையாது. பேட்டரிக் கடையைத் திறக்கும் முன்னால் திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை மதில் வரைக்கும் வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு வருவான். சட்டைப் பொத்தானை முட்டிக்கொண்டிருந்த தொப்பை இருந்த இடம் தெரியவில்லை. பெருநாளுக்கு எடுத்த ஜிப்பா தோளிலிருந்து தொங்கியது.

பாய் மறுபடியும் மாப்பிள்ளை ஆகப்போகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

முன்னிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்களுடைய அம்மா சர்க்கரை நோயில் போனவர். முன்னிக்கும் சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது, இடுப்பைச் சுற்றிச் சதை போட்டது. நம் வீட்டு உடம்பே அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து சேர்ந்து, கடைசியில் அது சுருங்கிப்போய்விட்டது என்று போன வருடம் சொன்னார்கள். ஒரு சொட்டு தொடாதவளுக்குக் குடிகாரன் வியாதி எப்படி வந்தது என்று தெருவில் பேசினார்கள்.

சொந்தத்தில் யாராவது தன் கல்லீரலில் பாதியைக் கொடுத்தால் பிழைப்பாள். கௌஸ் பாஷாவின் ரத்தம் சேரவில்லை. சாஹிலும் தனியாகச் சென்னைக்குப் போய்ப் பரிசோதனை செய்துவிட்டு வந்தான்.

“நம்முளுது ஆவாதாம்க்கா” என்றான் தலையைக் குனிந்தபடி.

நல்லதாகப் போயிற்று, உனக்கு ரெண்டு பொட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவள்தான் அவனைத் தேற்றி அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் அவன் இளைக்க ஆரம்பித்தான்.

இப்போது அந்தத் தொளதொள ஜிப்பாவைப் பார்க்கப் பார்க்க, இத்தனை நாள் அவள் மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

“சாஹிலு, உண்மையச் சொல்லு. உனக்கும் எதுனா வந்துடுச்சா? அன்னிக்கு டாக்டரு இன்னாதான் சொன்னாரு?”

குரல் உடைந்தது. அதைக் கேட்கப் பொறுக்காமல் சாஹில் தட்டை மடியில் எடுத்து வைத்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

உப்பே இல்லை.

குறைச்சல் இல்லை. அவள் போடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊருக்கே சமைக்கிற கை. நோய் முற்றினால் மறதி வரும், வந்தால் நாளைத் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மென்று விழுங்கினான்.

“சரியா இருக்குதுக்கா.”

முன்னியின் முகம் மலர்ந்தது. அவசரமாக இன்னொரு கரண்டி அள்ளினாள். சாஹில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, ஆவாதுன்னு டாக்டரு சொன்னது அப்போதைக்குத்தான்.”

அன்றைக்கு ரத்தம் சேர்ந்தது. எல்லாமே சேர்ந்தது. ஆனால் அவன் கல்லீரலிலும் கொழுப்பு இருந்தது. இப்படியே விட்டால் உங்கள் அக்கா இருக்கிற இடத்துக்கு நீங்களும் வந்து சேருவீர்கள், இதில் பாதியை வெட்டி யாருக்கும் வைக்க முடியாது, முதலில் கரைத்துவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். கரையாமல் போய்விட்டால்? ஆசை காட்டி அக்காவை ஏமாற்ற அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் ஆகாது என்றதை மட்டும் அவளிடம் சொன்னான்.

“போன வாரம் திரும்பவும் ஸ்கேன் எடுத்தாங்க. கரைஞ்சிடுச்சாம். உனக்கு வைக்கலாமாம்க்கா. பெருநாள் முடிஞ்சதும் உன்னக் கூட்டிக்கினு வரச் சொல்லிட்டாரு.”

முன்னி தம்பியின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தாள். கன்னம் ஒடுங்கிய முகத்தைப் பார்த்தாள்.

வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று சாஹில் நினைத்தான். அவனுடைய பெண்களைச் சொல்லி மறுப்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நடக்கும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

முன்னி வெடுக்கென்று அவன் மடியிலிருந்த தட்டைப் பிடுங்கித் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

பிறகு, பச்சடிக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளரிக்காயில் ஒன்றை எடுத்து, கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல், அவனுக்காகத் தோல் சீவ ஆரம்பித்தாள்.