கடைசிக்கு வைத்த பிரேக்

இனி பிரேக் ஒன்றுதான் பாக்கி.

அப்துல் மஜீது அதைத் தொடாமல் மோட்டார் சைக்கிளின் டேங்கையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சிராங்கூன் ரோட்டு வீட்டின் பின்முற்றம். வாசலில் தொங்கிய படுதாவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் மனைவி, மச்சி சம்சுன்னிசா, இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் இத்தா முடியும்வரை வேற்று ஆண் முகம் பார்க்கக் கூடாது. கொழுந்தன் என்றாலும் படுதாதான்.

மோட்டார் சைக்கிள் போனால் தெருவே திரும்பிப் பார்த்த காலம் அது. துரை ஒருவர் ஓட்டித் தேய்த்துக் கழித்ததை ஆசை ஆசையாக வாங்கியவன் அண்ணன் ஒலி முகம்மது. மவுண்ட் சோபியா இறக்கத்தில் மாட்டுவண்டியில் மோதினான். மையித்தாக வீட்டுக்கு வந்தான். வண்டியும் நொறுங்கி வந்தது.

"காயலான் கடையில போட்டுத் தொலைங்க" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

மச்சி கேட்கவில்லை. பிரித்துப் பழுது பார்த்தே ஆக வேண்டும், அதுவும் மஜீதுதான் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தன்னைக் குறிவைத்துத்தான் சொல்கிறாளோ என்று அவனுக்குப் பயம்.

பயம் வராதா பின்னே? மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கிறவன். விபத்துக்கு முந்தின சாயங்காலம் இதே முற்றத்தில் அந்த பிரேக்கைக் கழற்றி மாட்டியவனே அவன்தான். கம்பியை மிதியோடு பூட்டும் சின்ன ஊசியைப் போடப்போகும் நேரம் மஃரிபு பாங்கு கேட்டது. அப்படியே எழுந்து பள்ளிவாசலுக்கு ஓடினான். தொழுதுவிட்டு நேரே தன் ஜாகைக்குப் போய்ப் படுத்துவிட்டான். ஊசி சட்டைப்பையிலேயே கிடந்தது. பாவி மனுஷன், மறப்பதற்கு அவனுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை!

மறுநாள் மையித்தைக் குளிப்பாட்டும்போதுதான் நினைவு வந்தது. அன்றிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை.

"தம்பி, பிரேக்கைப் பிரிச்சிட்டீங்களா?" படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இதோ, மச்சி."

யா அல்லா என்று குனிந்தான். ஊசி போடாத துளை காலியாகத்தான் இருக்கும். அதைக் கண்ணால் பார்க்கத்தான் இத்தனை நாளும் பயந்தான்.

துளை காலியாக இல்லை.

துருவைச் சுரண்டினான். பெண்கள் தலையில் செருகும் கொண்டை ஊசி. அதுவும் பாதிதான் இருந்தது. மீதி முறிந்து எங்கேயோ விழுந்துவிட்டது.

ஆக, ஊசி இல்லாததை அண்ணன் காலையில் பார்த்திருக்கிறான். அவசரத்துக்கு இதைச் செருகிக்கொண்டு கிளம்பியிருக்கிறான்.

"அன்னிக்கு அவங்க கேட்டாங்கன்னு என் கொண்டை ஊசியைக் குடுத்தேன்." என்றாள் மச்சி. "அது இருக்குதா தம்பி?"

மஜீதுக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் தேடியது அவன் குற்றத்தை அல்ல. இத்தனை நாளும் படுதாவுக்கு அந்தப் பக்கம் அவளும் சோறு இறங்காமல்தான் இருந்திருக்கிறாள்.

உடைந்த துண்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான்.

"இருக்கு மச்சி. முறியாம முழுசா அப்படியே இருக்கு. மாட்டுவண்டி குறுக்க வந்தா யாரு என்ன செய்ய முடியும்?"

அந்தப் பக்கம் அவள் தேம்பித் தேம்பி அழுவது கேட்டது. அப்பாடா, நம்பிவிட்டாள் என்று மூச்சு விட்டான்.

அழுகை நின்றது. படுதாவுக்கு அடியில் ஒரு கை நீண்டது.

"அப்ப அதை இப்படிக் குடுங்க."