மணி அடித்ததும்

பம்ப்செட் கம்பெனி முதலாளி வேலுமயில் ஏழே மாதம் எம்.பி.யாக இருந்தவர். இடைத்தேர்தலில் ஜெயித்து அவர் டெல்லிக்குக் கிளம்பிய அன்று, கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் சரசாத்தாள் வழிமறித்தாள்.

"ஏனுங்க மொதலாளி, அந்த ரயில்வே கேட்டுக்கு ஒரு பாலம் கொண்டாந்துருங்க. இல்லீன்னா நம்ம கம்பெனிக் கதவையாச்சும் ரெண்டு நிமிசம் பொறுத்துச் சாத்தச் சொல்லுங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காலை எட்டுக்கு மணி அடித்ததும் கதவைச் சாத்த வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கம்பெனிக்கு எதிரே உள்ள கேட்டில் ரயிலுக்காக நின்று பிந்தியவர்களுக்கு அரைநாள் கூலி போய்விடும்.

மக்களவையில் அவருக்கு ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு வந்தது. மூன்று நிமிடம். கட்சித் தலைவருக்கும் வாக்காளர்களுக்கும் நன்றி சொல்லவே முக்கால்வாசி போயிற்று. "எங்கள் ஊர் ரயில்வே கேட்..." என்று ஆரம்பித்தபோது, நேரம் முடிந்ததென்று சபாநாயகரின் மணி அடித்தது. பழக்கதோஷம், சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"மணி அடிச்சா சத்தத்தக் கூட்டணும் ஓய், உக்காந்துட்டீரே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் பக்கத்து இருக்கைப் பழம்பெரும் உறுப்பினர்.

மறுவாரம் மக்களவையே கலைக்கப்பட்டது; அவர் பதவியும் போயிற்று.

இன்று காலை வேலுமயில் கம்பெனி வாசலில் நின்றிருந்தார். எட்டு மணி அடித்தது. தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளின் இடைவெளியில், அந்தப் பக்கம் நிற்கும் சரசாத்தாளின் பச்சைச் சேலை தெரிந்து தெரிந்து மறைந்தது.

"சாத்தீறட்டுங்களா, மொதலாளி?" வாட்ச்மேன் கதவில் கை வைத்தார்.

கதவு வரும் வழியில் ஒரு காலை வைத்தபடி, வேலுமயில் இன்னும் எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டிருந்தார்.